கடை, ஆபீஸ், குடோன் கூரையில சோலார் போடப் போறீங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய கேள்வி பதில்

பத்து வருஷத்துக்கும் மேல கூரை ஏறி இறங்குறதுதான் என் பொழப்பு. ஆரம்பத்துல பேனல் மாட்டுற டீம்ல இருந்தேன், இப்போ ஏற்கனவே மாட்டின பிளான்ட் ஏன் சொன்ன யூனிட்டைத் தரலைன்னு போய்ப் பாத்து சரி பண்ற வேலை. அப்படிப் போற இடத்துல பேனல்ல தப்பு இருக்கிறது ரொம்பக் கம்மி. கூரையைப் பாக்காம மாட்டியிருப்பாங்க, இல்லன்னா அந்தக் கட்டடத்துல கரண்ட் எந்த நேரத்துல ஓடுதுன்னே பாக்காம சைஸ் முடிவு பண்ணியிருப்பாங்க. ஓனருங்க என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குறதை எல்லாம் இங்க எழுதி வைக்கிறேன், கடையோ பேக்டரியோ ஸ்கூலோ ஆஸ்பத்திரியோ எல்லாத்துக்கும் பொதுவாப் பொருந்துற விஷயம்தான்.

எங்க இடத்துக்கு சோலார் ஒத்து வருமா, எதை வச்சு முடிவு பண்றது?

மொதல்ல கரண்ட் பில்லைக் கையில எடுக்காதீங்க, மீட்டர் டேட்டாவை எடுங்க. பில்லுல பெரும்பாலும் மாசத்துக்கு மொத்தம் எத்தனை யூனிட்னுதான் இருக்கும், மணிக்கு மணி எவ்வளவு ஓடுதுன்னு தெரியாது. பெரிய கனெக்‌ஷன்ல இருக்கிற டிஜிட்டல் மீட்டருங்க பெரும்பாலும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இல்ல அரை மணிக்கு ஒரு தடவை ரீடிங்கைப் பதிஞ்சு வச்சுக்கும், அதை சப்ளை கம்பெனிகிட்ட கேட்டா குடுப்பாங்க. கிடைக்கலைன்னா மெயின் போர்டுல ஒரு லாகரை (ரீடிங்கைத் தானா பதிஞ்சு வைக்கிற கருவி) ரெண்டு வாரம் மாட்டி வைங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, சோலார் காலைல மெதுவா ஏறி நடு மதியம் உச்சிக்குப் போய் சாயங்காலம் இறங்கிடும். உங்க லோடும் அதே நேரத்துல இருந்தா, அதாவது பகல் ஷிப்ட் பேக்டரி, ஏசி ஓடுற ஆபீஸ், குளிர்பதனக் கிடங்கு, தண்ணி பம்ப் மாதிரி, தயாராகிற யூனிட் எல்லாம் உள்ளயே செலவாகிடும். சினிமா தியேட்டர், ராத்திரி கூட்டம் வர்ற ஹோட்டல் மாதிரி இடத்துல கதையே வேற. மாச யூனிட் ரெண்டு இடத்துலயும் ஒண்ணாவே இருக்கலாம், ஆனா ஒரே சைஸ் பிளான்ட் போட்டா ஒருத்தருக்கு லாபம், இன்னொருத்தருக்கு சோலார் தயாராகுற நேரத்துல அதைத் தின்ன ஆளே இருக்காது.

அப்போ எத்தனை கிலோவாட் போடணும்?

கூரையில எவ்வளவு இடம் இருக்கோ அவ்வளவும் போடுங்கன்னு சொல்ற ஆளுகிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. மிச்ச கரண்டை கிரிட்டுக்கு, அதாவது சப்ளை கம்பெனி லைனுக்கு அனுப்பினா உங்களுக்கு என்ன கிடைக்கும்ங்கிறதுதான் இங்க திருப்பம். அனுப்பின ஒரு யூனிட்டுக்கு வாங்குற ஒரு யூனிட்டைக் கழிச்சுக் குடுக்கிற நெட் மீட்டரிங் இருந்தா தாராளமா பெருசா போடலாம். அனுப்புற யூனிட்டுக்குக் கம்மி ரேட் குடுக்கிற நெட் பில்லிங்னா பகல் லோடை ஒட்டி நிறுத்திக்கிறது நல்லது. அனுப்பவே கூடாதுன்னா, பகல்ல உங்க லோடு எவ்வளவு கீழ இறங்குதோ அந்த அளவை வச்சுத்தான் யோசிக்கணும்.

வாரத்துல ஒரு நாள் லீவு விடுற இடமா? வருஷத்துக்கு 52 நாள், அதாவது மொத்தத்துல 14 சதவீதம் தயாரிப்பு அந்த லீவு நாள்ல விழும். வெளிய அனுப்ப வழி இல்லன்னா அது வீண். எனக்குத் தெரிஞ்சு கொட்டேஷன்ல இதைக் கழிச்சுக் காட்டுறவங்க ரொம்பக் கம்மி, நீங்களே கேட்டு வாங்கணும்.

பில் ஜீரோ ஆயிடும்னு சொல்றாங்களே?

ஆகாது. யூனிட்டுக்கான காசு குறையும், நல்லாவே குறையும். ஆனா பில்லுல நிலையான கட்டணம்னு ஒண்ணு இருக்கும், மேக்சிமம் டிமாண்டுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கும். டிமாண்ட்ங்கிறது அந்த மாசத்துல நீங்க ஒரே நேரத்துல எவ்வளவு இழுத்தீங்கங்கிறதோட உச்சம். 29 நாள் வெயில் அடிச்சு ஒரே ஒரு நாள் மதியம் கருமேகம் வந்து முக்கா மணி நேரம் நின்னுச்சுன்னா போதும், அந்த நேரத்துல மொத்த லோடும் கிரிட் மேல விழுந்து டிமாண்ட் பழைய அளவுக்கே போய் நிக்கும். அதனால டிமாண்ட் சார்ஜ்லயும் இவ்வளவு மிச்சம்னு யாராவது கணக்குல சேத்திருந்தா அந்த வரியை அடிச்சிட்டு மிச்சத்தைப் பாருங்க. சாயங்காலம்தான் உச்சம்னா சொல்லவே வேணாம், சோலார் அதைத் தொடவே தொடாது.

கூரை தாங்குமா?

இதுக்குத்தான் நான் அதிகமா அழுத்தம் குடுப்பேன். இப்போ வர்ற 550 வாட் பேனல் ஒண்ணு ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ எடை. ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிற வகைன்னா இன்னும் ரெண்டு மூணு கிலோ கூடும். 100 கிலோவாட்டுக்கு 182 பேனல், அப்போ பேனல் மட்டுமே 5 டன்னுக்கு மேல. பரவலா உக்காரும்போது சதுர மீட்டருக்கு 11 கிலோ கிட்ட, ரெயில் கிளாம்ப் எல்லாம் சேத்து 15 கிலோ கிட்ட வரும். கேக்க சின்னதாத்தான் இருக்கு. ஆனா தகர ஷீட் போட்ட குடோனோட இரும்புச் சட்டத்தைக் கட்டினவங்க ஷீட் எடைக்கும் காத்துக்கும் மட்டும் கணக்கு பண்ணி இஞ்ச் இஞ்சா மிச்சம் புடிச்சிருப்பாங்க, அங்க இந்தப் 15 கிலோவே பெரிய விஷயம்.

காங்கிரீட் தளத்துல கதை வேற. அங்க ஓட்டை போட வேணாம்னு சிமெண்ட் கட்டையை வச்சு ஸ்டாண்டை அழுத்தி நிறுத்துவாங்க, அதுல எடை எகிறிடும். பேனலோட எடையைவிடக் காத்து பேனலைத் தூக்குற விசைதான் பெரிய ஆபத்து, அதுவும் கூரையோட மூலையிலயும் ஓரத்துலயும் அந்த விசை நடுவுல இருக்கிறதைவிட ரொம்ப அதிகம். அதனாலதான் நல்ல டிசைனருங்க ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. இன்னும் நாலு பேனல் ஓரத்துல போடலாமேன்னு நீங்க கட்டாயப்படுத்தாதீங்க.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் கட்டடத்தை நேர்ல பாத்து, வரைபடத்தை வச்சுக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இல்லாம ஒரு போல்ட்கூட ஏறக்கூடாது. பேனல் கம்பெனி ஆளு மேல ஏறிக் குதிச்சுப் பாத்து ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொல்றதெல்லாம் ரிப்போர்ட் ஆகாது.

கூரைக்கு வயசாயிடுச்சு, பரவாயில்லையா?

பேனல் 25 வருஷம் நிக்கும். உங்க ஷீட் இன்னும் எட்டு வருஷம்தான் தாங்கும்னா எட்டாவது வருஷம் எல்லாத்தையும் கழட்டி, ஷீட்டை மாத்தி, திரும்ப மாட்டணும், அந்தச் செலவு உங்க கணக்கை அப்படியே கவுத்துடும். முதல்ல கூரை, அப்புறம் சோலார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா மேல எதுவும் மாட்டவே மாட்டாதீங்க. துளை போட்டா நுரையீரலைக் கெடுக்கிற நார்த் தூசி கிளம்பும், மேல கால் வச்சா உடைஞ்சு ஆள் கீழ விழுவாங்க. வெளிச்சத்துக்காக நடுநடுவுல போட்டிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டும் அப்படித்தான், தூசி படிஞ்சு மத்த ஷீட் மாதிரியே தெரியும், பழக்கப்பட்டவங்களே ஏமாந்து கால் வச்சிருக்காங்க. வேலை ஆரம்பிக்கும்போதே அதைச் சுத்தித் தடுப்பு, நடக்கப் பாதை, உடம்பு முழுக்க மாட்டுற பாதுகாப்பு பெல்ட்டைக் கோக்குறதுக்குக் கயிறு லைன் எல்லாம் இருக்கான்னு ஓனரா நீங்க பாக்கணும். அது கான்ட்ராக்டர் பாத்துக்குவார்னு விட்டுடாதீங்க, விழுறது ஒரு மனுஷன்.

தகர ஷீட்ல ஓட்டை போட்டா ஒழுகாதா?

மடிப்பு தூக்கி நிக்கிற ஷீட்ல மடிப்பையே கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் இருக்கு, ஓட்டையே தேவையில்லை. சாதா மேடு பள்ள ஷீட்ல மேட்டு மேல மட்டும்தான் ஸ்க்ரூ போகணும், தண்ணி ஓடுற பள்ளத்துல போகக் கூடாது. ஸ்க்ரூக்கு அடியில வர்ற ரப்பர் வாஷர் வெயிலைத் தாங்குற ஈபிடிஎம் வகையா இருக்கணும். ஒரு குடோன்ல ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க, மேல போய்ப் பாத்தா ஸ்க்ரூவை வேகமா முறுக்கி முறுக்கி வாஷர் பிதுங்கி கிழிஞ்சு கிடக்குது, பக்கத்துலயே ரெண்டு ஓட்டை, முதல்ல தப்பான எடத்துல போட்டுட்டு சும்மா சிலிகான் தடவி விட்டிருக்காங்க, வெயில்ல அது காஞ்சு தோலா உரிஞ்சு வந்துடுச்சு. மாட்டி முடிச்ச உடனே பாத்தா எல்லாம் பளபளன்னுதான் இருக்கும், மழைதான் காட்டிக் குடுக்கும். அதனால பணத்துல ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியுற வரைக்கும் பிடிச்சு வைக்கிறதா எழுதிக்கோங்க.

550 வாட் பேனல்னா 550 வாட் வருமா?

லேப்ல வரும். ஒரு சதுர மீட்டர்ல 1000 வாட் வெளிச்சம், செல்லோட சூடு 25 டிகிரி, அந்த நிலையில அளந்த எண்தான் பின்னாடி ஒட்டியிருக்கும். நிஜக் கூரையில வெயில் நல்லா அடிக்கும்போது செல் 60, 65 டிகிரிக்குப் போயிடும். ஒவ்வொரு டிகிரி கூடுறதுக்கும் 0.3 லேர்ந்து 0.4 சதவீதம் வரைக்கும் பவர் குறையும். 40 டிகிரி கூடினா ஏறக்குறைய 14 சதவீதம் போச்சு. அதனாலதான் பேனலுக்கு அடியில காத்து போக இடம் விடணும்னு சொல்றோம், ஷீட்டோட ஒட்டிப் படுக்க வச்சா சூடு வெளிய போகாது.

இதோட தூசி, ஒயர்ல போற நஷ்டம், இன்வெர்ட்டர் (பேனல்ல வர்ற ஒரே திசையில ஓடுற டிசி கரண்டை, திசை மாறி மாறி ஓடுற ஏசி கரண்டா மாத்துற பெட்டி) நஷ்டம் எல்லாம் சேந்து, நல்ல பிளான்ட்டே காகிதக் கணக்குல 75 லேர்ந்து 85 சதவீதம்தான் தரும். இதைத்தான் பெர்ஃபாமன்ஸ் ரேஷியோன்னு சொல்வாங்க. யாராவது 95ன்னு போட்டுக் காட்டினா அந்தக் கொட்டேஷனை ஓரமா வைங்க.

இன்னும் நல்ல பேனல் வரட்டும்னு காத்திருக்கலாமா?

வேணாம். 1954ல அமெரிக்காவோட பெல் லேப்ல காட்டின முதல் சிலிக்கான் செல் வெளிச்சத்துல 6 சதவீதத்தைத்தான் கரண்டா மாத்துச்சு. இப்போ கடையில கிடைக்கிற பேனலே 20 லேர்ந்து 23 சதவீதம். சிலிக்கானுக்கு இயற்கையாவே 29 சதவீதம் கிட்ட ஒரு உச்சவரம்பு இருக்கு, அதனால அடுத்த வருஷம் திடீர்னு ரெண்டு மடங்கு ஆயிடாது. பேனல் வகையில மோனோ பெர்க், டாப்கான் ரெண்டுல எதுன்னாலும் சரி, புதுசா வாங்குறவங்களுக்கு டாப்கான் சூட்டுல கொஞ்சம் கம்மியா இழக்கும். பாலிங்கிற பழைய வகை பேனல் ஸ்டாக்ல மலிவா வந்தாலும் எடுக்காதீங்க. ஐஇசிங்கிற சர்வதேசத் தர அமைப்போட ஐஇசி 61215, ஐஇசி 61730 ரெண்டு சர்டிபிகேட்டும் நீங்க வாங்குற அதே மாடலுக்கு இருக்கணும். கடலோரமா இருந்தா உப்புக் காத்துக்கான ஐஇசி 61701, கோழிப் பண்ணை மாட்டுப் பண்ணை மாதிரி அம்மோனியா வாடை இருக்கிற இடம்னா ஐஇசி 62716, இதையும் கேளுங்க.

பேனலைப் பத்தி இவ்வளவு போதும். மத்த கேள்விகளுக்குத்தான் நேரம் செலவு பண்ணணும்.

எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்?

பூமத்திய ரேகைக்கு வடக்க இருந்தா தெற்கு பாத்து, தெற்க இருந்தா வடக்கு பாத்து. சாய்வு உங்க ஊரோட அட்சரேகை டிகிரி கிட்ட. இது பாடப்புத்தகப் பதில். ஆனா தகரக் கூரை ஏற்கனவே ஒரு சாய்வுல இருக்கும், அதோட போறதுதான் மலிவு, காத்துக்கும் பாதுகாப்பு. கிழக்கு மேற்கா ரெண்டு பக்கமும் போட்டா மொத்த யூனிட் கொஞ்சம் குறையும், ஆனா காலையிலயும் சாயங்காலமும் கூடுதலா வந்து மதியத்துல உச்சி தட்டையாயிடும். வெளிய அனுப்ப முடியாத இடத்துல எனக்கு இதுதான் புடிக்கும்.

பக்கத்துல டேங்க் இருக்கு, நிழல் கொஞ்சம்தான் விழுது...

கொஞ்சம்னு நினைக்காதீங்க. ஒரு ஸ்ட்ரிங்ல பேனலுங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே ஒயர்ல கோத்திருக்கு, ஒண்ணுல கரண்ட் ஓட்டம் குறைஞ்சா மொத்த ஸ்ட்ரிங்குக்கும் அது தடை. பேனலுக்குள்ள சாதாரணமா 3 பைபாஸ் டயோடு இருக்கும், நிழல் விழுந்த மூணுல ஒரு பகுதியைத் தாண்டி ஓட்டம் போக வழி விடும், ஆனா அந்தப் பகுதியோட பவர் போனது போனதுதான். டேங்க், லிப்ட் ரூம், கைப்பிடிச் சுவர், ஏசி அவுட்டோர் யூனிட், செல்போன் டவர், பக்கத்து பிளாட்ல நாளைக்கு எழும்பப் போற கட்டடம் எல்லாத்தையும் யோசிங்க. வருஷத்துலயே சூரியன் தாழ்வா போற மாசத்துல காலை 9 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் நிழல் எங்க விழுதுன்னு சாப்ட்வேர்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க. தவிர்க்கவே முடியலைன்னா அந்தப் பேனலுங்களை மட்டும் தனி ஸ்ட்ரிங்கா பிரிக்கலாம், இல்ல பேனலுக்கு ஒண்ணா ஆப்டிமைசர் (ஒரு பேனல் குறைஞ்சாலும் மத்ததை இழுக்காம பாத்துக்கிற கருவி) போடலாம். பெஸ்ட் எதுன்னா அங்க பேனலே போடாம விடுறது.

இன்வெர்ட்டர் சைஸ் பேனல் சைஸைவிடக் கம்மியா போட்டிருக்காங்களே, ஏமாத்துறாங்களா?

இல்ல, சரியான பழக்கம்தான். மேல சொன்ன மாதிரி பேனல் முழு பவரைத் தர்ற நேரம் ரொம்பக் கம்மி, அதனால 100 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 110 லேர்ந்து 130 கிலோவாட் வரைக்கும் பேனல் போடுறது சகஜம்.

நீங்க கவனிக்க வேண்டியது வோல்டேஜ். குளிர்ல பேனல் வோல்டேஜ் ஏறும். 50 வோல்ட் பேனலை 20 கோத்தா 1000 வோல்ட், இன்வெர்ட்டர் லிமிட்டும் 1000ன்னு வச்சுக்கோங்க, காகிதத்துல சரியா இருக்கு. ஆனா 5 டிகிரி குளிர்ல விடியும்போது ஒவ்வொண்ணும் 52.7 வோல்ட் கிட்ட போய் மொத்தம் 1054 ஆகி இன்வெர்ட்டர் அடிவாங்கிடும். அப்படிப்பட்ட குளிர் வர்ற இடத்துல 18தான் கோக்கணும். உங்க ஊர்ல இதுவரைக்கும் அடிச்ச அதிகக் குளிரை வச்சுக் கணக்குப் பண்ணீங்களான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஆளு வேலை தெரிஞ்சவரான்னு தெரிஞ்சிடும். அப்புறம் இன்வெர்ட்டரை வெயில்ல மாட்ட விடாதீங்க, நிழலும் காத்தும் இருந்தாத்தான் 10, 12 வருஷம் ஓடும், நடுவுல ஒரு தடவை மாத்துற செலவையும் கணக்குல சேருங்க.

கரண்ட் போனா சோலார்ல ஓட்டிக்கலாமா?

சாதாரண கிரிட் இன்வெர்ட்டர்ல முடியாது, நல்ல வெயில் அடிச்சாலும் சரி. லைன்ல சப்ளை போன உடனே இன்வெர்ட்டர் தானா நின்னுடணும், இல்லன்னா கம்பத்துல வேலை பாக்குற லைன்மேனுக்கு உங்க கூரையில இருந்து ஷாக் அடிக்கும்.

ஜெனரேட்டர் வச்சிருக்கவங்க கவனம். ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சதும் இன்வெர்ட்டர் அதைத்தான் கிரிட்னு நினைச்சுச் சேந்துக்கும். அப்போ சோலார் உங்க லோடை முக்கால்வாசி எடுத்துக்கிட்டா ஜெனரேட்டர் வெறுமனே ஓடும், டீசல் என்ஜினைச் சாதாரணமா 30 சதவீத லோடுக்குக் கீழ நெடு நேரம் ஓட்டினா எரியாத டீசல் தங்கிக் கரி பிடிக்கும். லோடைவிட சோலார் கூடினா கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளயே திரும்பிப் போய்ப் பெரிய சேதம். இதுக்குன்னு ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் பேச வைக்கிற கன்ட்ரோலர் இருக்கு. கொட்டேஷன்ல அது இல்லன்னா, ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரை முழுசா துண்டிக்கிற இன்டர்லாக்காவது இருக்கணும்.

சோலார் போட்டதும் பவர் ஃபேக்டர் அபராதம் வந்துடுச்சு, எப்படி?

நெறைய பேர் என்னைக் கூப்பிடுறதே இதுக்குத்தான். மோட்டாருக்குள்ள காந்தம் உண்டாக்க, வேலை எதுவும் செய்யாம போய் வர்ற பவர் ஒண்ணு வேணும், அதுதான் ரியாக்டிவ் பவர், அதோட அளவு கேவிஏஆர். இழுக்கிற மொத்தத்துல நிஜமா வேலை செய்யுற பங்குதான் பவர் ஃபேக்டர். ஒரு உதாரணம் சொல்றேன். உங்க லோடு 100 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.95, அப்படின்னா மோட்டாருங்களுக்குத் தேவையான ரியாக்டிவ் பவர் ஏறக்குறைய 33 கேவிஏஆர். இப்போ சோலார் 70 கிலோவாட் தருது. கிரிட்ல இருந்து வாங்குறது 30 கிலோவாட்தான், ஆனா ரியாக்டிவ் அதே 33 அங்கிருந்துதான் வரணும், ஏன்னா இன்வெர்ட்டர் சாதாரணமா கிலோவாட் மட்டும்தான் தரும். மீட்டர் பாக்குறது 30க்கு 33. பவர் ஃபேக்டர் 0.67. உள்ள மிஷின்ல ஒண்ணுமே மாறலை, ஒரு கெட்ட பழக்கமும் புதுசா வரலை, ஆனா பில்லுல அபராதம்.

பல இடத்துல ரியாக்டிவ் பவரை உள்ளயே தர்ற கப்பாசிட்டர் பேங்கை ஆட்டோவா ஓட்டுற ரிலே, கரண்டை அளக்குற சிடி காயிலை லோடு பக்கமா மாட்டி வச்சிருக்கும். அதுக்கு 0.95தான் தெரியும், எல்லாம் சரின்னு சும்மா இருக்கும். அந்தச் சிடியைக் கிரிட் உள்ள வர்ற இடத்துக்கு, சோலார் சேர்ற பாயிண்டுக்கு முன்னாடி மாத்தணும், சின்ன சின்ன கப்பாசிட்டர் ஸ்டெப் சேக்கணும். இல்லன்னா இன்வெர்ட்டர் செட்டிங்லயே ரியாக்டிவ் குடுக்கச் சொல்லலாம், இப்போ வர்ற இன்வெர்ட்டருங்க பெரும்பாலும் 0.8 வரைக்கும் செய்யும், கொஞ்சம் கெபாசிட்டியை அதுக்கு ஒதுக்கணும் அவ்வளவுதான். டிசைன் நேரத்துலயே யோசிச்சிருந்தா ஒரு நாள் வேலை.

கிரிட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, என்ன வழி?

ஜீரோ எக்ஸ்போர்ட் டிவைஸ் போடணும். மெயின் லைன்ல சிடி வச்சு, வெளிய போகப் போகுதுன்னா இன்வெர்ட்டரை இறக்கும். சிடி மேல அம்புக்குறி இருக்கும், அது தலைகீழா மாட்டியிருந்தா எல்லாமே தப்பா நடக்கும். ஒரு ஆபீஸ்ல அஞ்சு மாசமா பிளான்ட் பாதிகூட தரலை, மூணு சிடில ஒண்ணு திரும்பி இருந்துச்சு, அவ்வளவுதான்.

நம்ம காசுல போடுறதா, இல்ல கம்பெனியே போட்டு யூனிட் விக்கிற திட்டமா?

கையில காசு இருந்து, லாபமும் வந்து வரி கட்டுற நிலைமைல இருந்தா சொந்தமா போடுறதுதான் என் பரிந்துரை, மொத்த மிச்சமும் உங்களுக்கு. காசு முடங்கக் கூடாது, பராமரிப்பு தலைவலி வேணாம்னா கம்பெனி போட்டு 15, 20, 25 வருஷத்துக்கு யூனிட் ரேட் பேசுற ஒப்பந்தம் சரி. அதுல நாலு இடத்தைத் திரும்பத் திரும்பப் படிங்க. வருஷா வருஷம் ரேட் ஏறுமா, நீங்க எடுக்காத யூனிட்டுக்கும் காசு கட்டணுமா, கூரை ரிப்பேர்னா கழட்டி மாட்டுற செலவு யாருது, கட்டடத்தை வித்தாலோ தொழிலை மூடினாலோ என்ன ஆகும். ரெண்டாவதுதான் நிறைய பேரை மாட்டிவிடுறது, ஏன்னா ஆர்டர் குறைஞ்சு மிஷின் நிக்கிற மாசத்துலயும் பில் வரும்.

வாடகைக் கட்டடம், போடலாமா?

லீஸ் எத்தனை வருஷம் பாக்கி இருக்குன்னு பாருங்க. போட்ட காசு திரும்பி வர ஆகுற வருஷத்தைவிட அது கம்மின்னா வேணாம். போடுறதா இருந்தா கூரையைப் பயன்படுத்துற உரிமை, காலி பண்ணும்போது பேனல் யாருக்கு, ஓட்டையை அடைச்சுக் குடுக்கிற பொறுப்பு எல்லாம் எழுத்துல வேணும். ஓனரோட வாய்வார்த்தை போதாது, அவர் நல்லவரா இருந்தாலும் கட்டடம் கை மாறிடலாம். இன்சூரன்ஸ்காரங்களுக்கும் மாட்டுறதுக்கு முன்னாடியே தெரியப்படுத்துங்க.

தீப்பிடிக்குமா? பயமா இருக்கு.

ஒழுங்கா மாட்டினா ரொம்ப அபூர்வம். ஆனா காரணத்தைத் தெரிஞ்சு வைங்க. வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுறது) நொடிக்கு 100 தடவை ஜீரோவைத் தொட்டுட்டுப் போகும், அதனால பொறி கிளம்பினா அணைய வாய்ப்பு உண்டு. பேனல்ல இருந்து வர்ற டிசில அந்த ஜீரோவே கிடையாது, லூஸ் கனெக்‌ஷன்ல ஆர்க் (விடாம பாயுற பொறி) ஆரம்பிச்சா வெயில் இருக்கிற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நான் பாத்த எரிஞ்ச கேஸ்ல பேனல் ஒயருங்களைச் சேக்கிற கனெக்டர்தான் அதிகம். ஆண் பக்கம் ஒரு கம்பெனி, பெண் பக்கம் இன்னொரு கம்பெனி, க்ளிக்னு உள்ள போயிடும், பொருந்தின மாதிரி இருக்கும், ஆனா உள்ள தொடுற பரப்பு சரியா உக்காராது. கையில எடுத்துப் பாத்தா கருப்புப் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசா உருகி இருக்கும், திறந்தா பின் நீலம் பாஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி ஒரே மாடல், கிரிம்ப் பண்ண (ஒயர் முனையில பின்னை அழுத்திப் பிடிக்க வைக்க) அதுக்கான டூல், கட்டிங் ப்ளேயர் இல்ல, இதை ஒப்பந்தத்துலயே எழுதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வெயில் நேரத்துல தெர்மல் கேமராவால எல்லாக் கனெக்டரையும் பாக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, மெயினை ஆஃப் பண்ணாலும் வெயில் இருக்கிற வரைக்கும் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல ஒயர்ல உயிர் இருக்கும். தீயணைப்புக்காரங்களுக்கு அது ஆபத்து. அமெரிக்காவோட தேசிய மின் விதிகள்ல 2014 பதிப்புலதான் கூரையிலயே சீக்கிரமா வோல்டேஜை இறக்குற ரேப்பிட் ஷட்டவுன் கட்டாயமா வந்துச்சு. உங்க ஊர்ல கட்டாயம் இல்லன்னாலும் ஆஸ்பத்திரி, ஸ்கூல்னா போட்டுடுங்க. டிசி ஸ்விட்ச் எங்க இருக்குன்னு வாசல்லயே போர்டு வைங்க.

மழை பெஞ்ச மறுநாள் காலைல இன்வெர்ட்டர் லேட்டா ஸ்டார்ட் ஆகுது, ஏன்?

இன்சுலேஷன் ஃபால்ட். எங்கயோ ஒயர் தோல் கிழிஞ்சு ஈரத்துல உலோகத்தோட ஒட்டுது, வெயில் ஏறிக் காஞ்சதும் சரியாயிடும், அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஒரு கூரையில இதைத் தேடி ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா பிரிச்சு மெக்கர் (ஒயர் உறை வழியா கரண்ட் கசியுதான்னு அளக்குற மீட்டர்) வச்சுப் பாத்து கடைசியா கண்டுபிடிச்சது எங்கன்னா, ஷீட்டோட வெட்டுமுனை மேல ஒயர் உக்காந்து, காத்துல ஆடி ஆடி, கருப்பு உறை அறுபட்டு உள்ள செம்பு பளிச்சுனு நூல் மாதிரி தெரியுது. ஒரு சாண் பைப் போட்டிருந்தா போதும். இந்த ஃபால்ட் வந்தா ரீசெட் பண்ணி விடாதீங்க, அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க.

கழுவுறது எப்படி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

நாள் கணக்கு சொல்ல மாட்டேன். ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் கழுவிட்டு அடுத்த ஸ்ட்ரிங்கோட ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினா எல்லாத்தையும் கழுவுங்க. சிமெண்ட் தூசி, மாவு மில், மரப்பட்டறை பக்கத்துல அடிக்கடி தேவைப்படும். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கழுவுங்க, கொதிக்கிற கண்ணாடி மேல குளிர்ந்த தண்ணி ஊத்தாதீங்க. உப்புத் தண்ணி வெள்ளையா படிஞ்சு போகவே போகாது. பேனல் மேல யாரும் ஏறி நடக்கக் கூடாது, கண்ணாடி உடையாம இருந்தாலும் உள்ள செல் மயிரிழையா விரிசல் விடும், ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

பேட்டரி?

சாயங்கால உச்சத்தை வெட்டி டிமாண்ட் சார்ஜைக் குறைக்கணும், இல்ல கரண்ட் அடிக்கடி போகுதுன்னா யோசிக்கலாம். மத்தபடி முதல்ல பேனல் ஒரு வருஷம் ஓடட்டும், அந்த டேட்டாவை வச்சு அப்புறம் முடிவு பண்ணுங்க. இன்வெர்ட்டர் ரூம்ல இடம் மட்டும் விட்டு வைங்க.

25 வருஷ வாரண்டின்னா என்ன அர்த்தம்?

ரெண்டு வாரண்டி இருக்கு. பொருள்ல குறை இருந்தா மாத்தித் தர்றது பெரும்பாலும் 12 வருஷம், சில கம்பெனி கூட தருது. 25 வருஷம்ங்கிறது பவர் இந்த அளவுக்குக் கீழ இறங்காதுங்கிற வாக்கு, வருஷத்துக்கு அரை சதவீதம் கிட்ட குறைஞ்சு 25ஆவது வருஷம் 85 சதவீதம் மாதிரி. அதை நிரூபிக்க டெஸ்ட் ரிப்போர்ட் வேணும், அனுப்புற செலவும் கழட்டி மாட்டுற கூலியும் பெரும்பாலும் உங்க தலையில.

அதனாலதான் ஒப்படைக்கிற அன்னைக்கே ஐஇசி 62446 முறைப்படி ஒவ்வொரு ஸ்ட்ரிங்கோட வோல்டேஜ், கரண்ட், இன்சுலேஷன், எர்த் ரீடிங் எல்லாம் எழுதி வாங்குங்க, எல்லாப் பேனலோட சீரியல் நம்பரும் கூரையில எது எங்கங்கிற வரைபடமும் சேத்து. மானிட்டரிங் ஆப் உங்க ஈமெயில்லதான் ரெஜிஸ்டர் ஆகணும், மாட்டின கம்பெனியோட அக்கவுண்ட்ல இருந்தா நாளைக்கு அவங்க போனை எடுக்கலைன்னா உங்க பிளான்ட் என்ன தருதுன்னே உங்களுக்குத் தெரியாது. கடைசித் தவணைப் பணத்தை இந்த ஃபைல் கைக்கு வந்து, பாஸ்வேர்டு போட்டு உங்க போன்ல அன்னைய யூனிட்டைப் பாத்த பிறகு குடுங்க.